கடைசியாகக் கை வைத்த இடம் எது? – பக்கி வயரிங் கேள்வி பதில்

இந்த மாதம் பக்கி (நம் தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்குச் சொல்லும் பெயர்) பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு வாசலில் தாங்களே ஸ்பேனர் பிடித்தவர்கள் எழுதியவை. "திடீரென்று லைட் போய்விட்டது", "காரணமே இல்லாமல் பேட்டரி இறங்குகிறது" என்று ஆரம்பிக்கிறார்கள். நாலு வரி தள்ளித்தான், போன வாரம் கிளட்ச் மாற்றியதும் ரேடியோ வைத்ததும் வெளியே வருகிறது. எனக்கு முதல் வரியிலேயே வேண்டியது அதுதான். வண்டியில் கடைசியாக எங்கே கை வைத்தீர்கள், எதைக் கழற்றினீர்கள், எதைப் புதிதாகச் சேர்த்தீர்கள்? சொந்தமாக வேலை பார்ப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். பட்டறைக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத வீடுகள் நம்மிடையே நிறைய. ஆனால் கோளாறைத் தேடும்போது கை பட்ட இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே பார்த்து முடிக்கும்வரை பார்ட்ஸ் கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: அண்ணா, வணக்கம். என்னுடையது பழைய இசுசு கேபி டீசல் பிக்கப். நானும் மச்சானும் வீட்டிலேயே கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் தட்டு மாற்றினோம். கிளட்ச் நன்றாக இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து ஸ்டார்ட்டர் முக்கி முனகித்தான் சுற்றுகிறது. சில நேரம் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஆனால் இன்ஜினில் அந்தச் சூடு இல்லை. புது பேட்டரி போட்டும் அப்படியே. நேற்று ஆக்சிலரேட்டர் கேபிளிலிருந்து புகை வந்தது. ஸ்டார்ட்டரை மாற்றிவிடலாமா?
— வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: தம்பி, ஸ்டார்ட்டர் வாங்க வைத்திருக்கும் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். கேபிளில் புகை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும். கியர்பாக்ஸை இறக்கும்போது ஒரு எர்த் பட்டையை (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கழற்றியிருக்கிறீர்கள். ஏற்றும்போது அது திரும்பப் பூட்டப்படவில்லை.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பரில் மின்சாரம் ஓடாது. ஆகவே இன்ஜினை பாடியோடும் சேசிஸோடும் இணைக்க ஒரு பின்னல் பட்டையோ தடித்த கறுப்பு கேபிளோ தனியாகக் கொடுத்திருப்பார்கள். பல வண்டிகளில் அதன் ஒரு முனை கியர்பாக்ஸின் மணி வடிவ மூடியைப் பிடிக்கும் போல்ட்டிலேயே மாட்டியிருக்கும். அந்த போல்ட்டைக் கழற்றாமல் கியர்பாக்ஸ் இறங்காது. ஏற்றும் நேரத்தில் எல்லோருக்கும் முதுகு வலி, இருட்டு வேறு. பட்டை சேசிஸ் பக்கம் தொங்கிக்கொண்டே இருந்துவிடும்.

டீசல் ஸ்டார்ட்டர் ஒன்று 200 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். அவ்வளவும் இன்ஜின் வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். பட்டை இல்லை என்றால் இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு எந்த இரும்பு வழியாகவாவது அது திரும்பப் பார்க்கும். உங்கள் வண்டியில் அதற்குக் கிடைத்தது ஆக்சிலரேட்டர் கேபிள். கோயில் தேரைச் சணல் கயிற்றில் இழுக்கிற வேலை அது. ஸ்டார்ட்டர் முனகுவதும் அதனால்தான், கேபிள் சுடுவதும் அதனால்தான்.

டெம்பரேச்சர் முள்ளுக்கும் இதே காரணம். வண்டி ஓடும்போது லைட்டுக்கு மின்சாரம் கொடுப்பது ஆல்டர்னேட்டர். அது இன்ஜினில் பூட்டப்பட்டிருக்கிறது. ஹெட்லைட்டின் எர்த் பாடியில் இருக்கிறது. லைட் போட்டதும் பாடியிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பும் ஓட்டம் கூடுகிறது, வழியோ ஒல்லியானது. இரண்டுக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் விழுகிறது. டெம்பரேச்சர் சென்சருக்கு இன்ஜின்தான் எர்த். ஆகவே அந்த வித்தியாசத்தை மீட்டர் சூடு என்று காட்டுகிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை.

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். ஜம்ப் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத கெட்டியான இடத்திலும் கவ்வவையுங்கள். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல் கேபிளை ஒதுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சட்டென்று பிடித்தால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம்: 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை இன்ஜின் மேலும் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலை மேலும் வையுங்கள் (கவ்வி மேல் வேண்டாம், கவ்வியே கெட்டிருந்தால் தெரியாமல் போகும்). மச்சானை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் பக்கம் காட்டினால் வழி நல்ல வழி. 0.5 தாண்டினால் எர்த்தில் குறை. உங்கள் வண்டியில் ஒரு வோல்ட்டுக்கு மேலேயே காட்டும் என்று நினைக்கிறேன்.

பட்டை கிடைத்தால் அதையே பூட்டுங்கள். அறுந்திருந்தால் பேட்டரி கேபிளின் தடிமனுக்குக் குறையாத புதிது போடுங்கள். இரண்டு முனையிலும் பெயின்ட்டையும் துருவையும் எமரித் தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியவேண்டும். பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். கிரீஸ் பூசுவது இறுக்கியதற்கு அப்புறம். டர்பன் கடற்காற்றில் கிரீஸ் இல்லாத எர்த் போல்ட் சீக்கிரமே பச்சை பூத்துவிடும்.

இன்னொன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புகைந்த ஆக்சிலரேட்டர் கேபிளை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகியிருக்கும். இன்று வழுக்கிக்கொண்டு வரும், நாளை ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் அழுத்திய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். எர்த்தைச் சரி செய்து, கேபிளையும் மாற்றிய பிறகுதான் சாலைக்கு எடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறிக் கடை போடுகிறேன். விடியற்காலை சரக்கெடுக்கப் போகும்போது பின்னால் ஒரு பல்ப் எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தினார்கள். நானே பல்ப் வாங்கிப் போட்டேன். இப்போது பிரேக் மிதித்தால் டாஷ்போர்டு வெளிச்சமும் முன்பக்கச் சின்ன லைட்டும் சேர்ந்து எரிகின்றன.
— ஒரு சகோதரி, சாட்ஸ்வர்த்

பதில்: அக்கா, பல்பை வெளியே எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பின் லைட்டுக்கு உரியதில் இரண்டு இழை இருக்கும்: 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் இரவு லைட்டுக்கு. அடியில் இரண்டு ஈயப் புள்ளி. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முளைகளில் ஒன்று மேலே, ஒன்று கீழே. இண்டிகேட்டர் பல்பில் ஒரே இழை, அடியில் ஒரே புள்ளி, முளைகள் சம உயரம். கண்ணாடி அளவில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அதை அழுத்தித் திருகினால் பழைய சாக்கெட்டில் ஏறிவிடும். ஏறியதும் அந்த ஒற்றைப் புள்ளி சாக்கெட்டின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொடும். பிரேக் மின்சாரம் அப்படியே இரவு லைட் வயருக்குள் திரும்பிப் போகிறது. டாஷ்போர்டும் அதே வயரில்தான் இருக்கிறது.

21/5 என்று எழுதிய பல்பைக் கேட்டு வாங்குங்கள். போட்ட பிறகும் பிரேக் மிதிக்கும்போது அதே பக்கத்து இண்டிகேட்டர் மங்கலாக மின்னினால் அந்த லைட்டின் எர்த் வயரையும் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் சரக்குப் பெட்டியைக் கழுவிக் கழுவி அந்த ஸ்குரூ துருப்பிடித்திருக்கும். லைட்டின் எர்த் முனையிலிருந்து நேராக சேசிஸுக்கு ஒரு புது வயர் இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

கேள்வி: டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியில் நானே புது ரேடியோவும், நண்பர் கொடுத்த ஆம்ப்ளிஃபயரும் வைத்தேன். பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆனால் வண்டியை இரண்டு நாள் எடுக்காவிட்டால் மூன்றாம் நாள் காலை பேட்டரி செத்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் 14.2 கொடுக்கிறது. இன்சூரன்ஸுக்காக வைத்த டிராக்கரில்தான் கோளாறு என்கிறார் அண்டை வீட்டுக்காரர். அதன் வயரை வெட்டிவிடட்டுமா?
— வாசகர், டோங்காட்

பதில்: வெட்டவே வெட்டாதீர்கள். வண்டி திருடு போனால் நஷ்டஈடு கிடைக்குமா என்ற பிரச்சினையும் அப்புறம் சேர்ந்துகொள்ளும். டிராக்கர் இழுக்கிறதா, ரேடியோ இழுக்கிறதா என்பதை மீட்டர் சொல்லட்டும்.

முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அடிக்கடி செத்து எழுந்த பேட்டரி அதற்குப் பிறகு முழுச் சார்ஜைப் பிடிக்காது. அப்படியானால் அதைக் கடையில் லோடு போட்டுச் சோதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேடுவதெல்லாம் வீண்.

அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, ஜன்னலை இறக்கி, எல்லாக் கதவையும் மூடுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரித் தலைக்கும் நடுவில் மீட்டரை இணைத்துவிடுங்கள். இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. திருப்பினால் மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். முதலில் ஒரு பெரிய எண் காட்டும், பயப்பட வேண்டாம். புது வண்டிகளில் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகும். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. உங்களுக்கு 0.5 பக்கம் இருக்கும் என்பது என் ஊகம். அது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 24 மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி போகிறது. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டு நாளில் 24 போய்விடும்; அடிக்கடி செத்து எழுந்த பேட்டரியைச் சாய்க்க அதுவே போதும். உங்கள் கணக்கோடு ஒத்துவருகிறதா?

இனி பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, திருடன் அந்த வழியில். எனக்குச் சந்தேகம் ஆம்ப்ளிஃபயர் மேல். கடையில் வாங்கிப் போடும் ரேடியோக்களில் வழக்கமாக மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவதற்கு, கறுப்பு எர்த்துக்கு. வெள்ளைக் கோடு போட்ட நீலம்தான் ஆம்ப்ளிஃபயரை எழுப்பி, ரேடியோ அணைந்ததும் தூங்கவைப்பது. அந்த நீலத்தைத் தேடச் சோம்பல்பட்டு ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் முனையை மஞ்சளோடு முறுக்கிவிட்டால் பாட்டு கேட்கும். ஆம்ப்ளிஃபயர் ராத்திரி முழுக்க விழித்திருக்கும். சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து பேட்டரிக்குக் கொடுத்தாலும் இதே கதிதான்.

எந்த பியூஸை எடுத்தாலும் எண் இறங்கவில்லை என்றால் மிச்சம் இருப்பது பியூஸ் பெட்டி வழியாகப் போகாதவை: பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஆம்ப்ளிஃபயர் கேபிள், ஆல்டர்னேட்டர். சார்ஜ் நன்றாகக் கொடுக்கும் ஆல்டர்னேட்டரும் உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று கசிந்தால் இரவில் மின்சாரத்தைத் திரும்ப இழுக்கும். பேட்டரியைப் பிரித்துவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, டேப் சுற்றி ஒதுக்கி, மறுபடி அளந்து பாருங்கள்.

டிராக்கர் கடைசி. அது இழுக்கிறது என்று மீட்டர் காட்டினால் பொருத்திய கம்பெனியையே கூப்பிடுங்கள்.

கேள்வி: டிரெய்லர் இழுக்க ஹூக் வைத்து, பிளக்கையும் நானே வயரிங் செய்தேன். அதற்குப் பிறகு டெயில் லைட் பியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. 15 ஆம்பியருக்குப் பதில் 30 போட்டேன், இப்போது போவதில்லை. ஆனால் லைட் போட்டால் லேசாக ஒரு வாசனை வருகிறது. இது சரிதானா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இதைப் படித்த உடனே எழுந்து போய் அந்தப் பச்சை பியூஸை எடுத்துவிடுங்கள். பகலில் மட்டும் ஓட்டுங்கள், லைட் வேண்டாம். நீங்கள் முகர்வது வயரின் தோல் வேகும் வாசனை.

பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. நீல 15-ஐ வைத்தவர்கள் அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் வைத்தார்கள். பச்சை 30 போட்டதும் முதலில் உருகப் போவது வயர். அது போவது கார்ப்பெட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்க் பக்கத்தில், உங்கள் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்குக் கீழே. சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி பியூஸாகப் போட்ட வண்டிகள் என் ஐசிப்பிங்கோ பட்டறைக்கு இன்னும் வருகின்றன. டாஷ்போர்டைப் பிரித்தால் வயர்க் கட்டு முழுக்க ஒரே கரிக்கட்டையாக ஒட்டிக்கிடக்கும். ஒரு சின்ன ஷார்ட் இருந்த இடத்தில் முழு ஹார்னஸும் மாற்ற வேண்டிய செலவு. அது அதிர்ஷ்டசாலிகளின் கதை.

ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்கப் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் செய்யும் ஒரு வழி இருக்கிறது. பியூஸை எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளிலும் ஒரு 21 வாட் பல்பை வயர் வைத்து இணைத்துவிடுங்கள். பின் லைட், நம்பர் பிளேட் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு லைட் சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை உங்கள் பல்ப் பளிச்சென்று எரியும். அதற்கு மேல் மின்சாரத்தை ஓடவிடாது, அதனால் எதுவும் வேகாது. இப்போது நிதானமாக ஒவ்வொரு இடத்திலும் வயரை அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் கை வைத்ததும் பல்ப் அணைகிறதோ அதுதான் இடம். பியூஸுக்கு மேல் பியூஸ் போட்டு எரிக்க வேண்டியதில்லை.

ஆரம்பிக்க வேண்டியது டிரெய்லர் பிளக்கில். மூடியைத் திறந்து பாருங்கள். ஏழு முனைகளில் வெள்ளை வயர் எர்த். அதன் அருகே இருக்கும் லைட் வயரின் ஒரு இழை நீட்டிக்கொண்டு தொட்டாலே போதும். அடுத்து, வயர் சேசிஸ் விளிம்பைத் தாண்டும் இடம், சைலன்சருக்குப் பக்கத்தில் போகும் இடம். வயரை வெட்டாமல் இணைக்க நீல நிறக் கவ்வி போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வண்டிக்கு அடியில் அதைப் போடக் கூடாது. அது தோலைக் கிழித்துத்தான் பிடிக்கிறது. கிழிந்த வழியாகத் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சைப் பொடியாகிவிடும். படகு டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். லக் (வயர் முனைகளைப் பிடிக்கும் உலோகக் குழல்) வைத்து நன்றாக நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் நீல 15.

கேள்வி: எல்இடி இண்டிகேட்டர் பல்ப் போட்டேன். படபடவென்று வேகமாக மின்னுகிறது.
— வாசகர், வெருலம்

பதில்: ஒரு பக்கத்துக்கு 21 வாட் பல்ப் இரண்டு என்று, இண்டிகேட்டரை மின்னவைக்கும் பிளாஷர் எதிர்பார்க்கிறது, அதாவது 3.5 ஆம்பியர். எல்இடி அதில் சிறு பங்குதான் எடுக்கும். பல்ப் போய்விட்டது என்று நினைத்து வேகமாக மின்னுகிறது. எல்இடிக்கான பிளாஷர் ரிலே வாங்கிப் போடுங்கள். ரெசிஸ்டர் வைக்கச் சொல்வார்கள். அது கொதிக்கும், பிளாஸ்டிக் மேல் பூட்டாதீர்கள்.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற பக்கி ஒன்று மலிவாகக் கிடைத்தது. 2022 ஏப்ரலில் சீட் வரை தண்ணீர் ஏறியதாம். தம்பி காயவைத்து, ஸ்ப்ரே அடித்து, ஓடவைத்துவிட்டான். மழை பெய்தால் ஜன்னல் தானாக இறங்குகிறது, ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது.
— வாசகர், ஐசிப்பிங்கோ

பதில்: என் பட்டறை இருக்கும் ஊர் என்பதால் அந்தத் தண்ணீரை நானும் பார்த்தவன். ப்ரோஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கிப்போன வெள்ளம் அது. சேறும் உப்பும் சாக்கடையும் கலந்தது. தண்ணீர் காய்ந்துவிடும், அது கொண்டுவந்த உப்பும் சேறும் பிளக்குகளுக்குள்ளேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறியதும் அந்தப் பொடி நனைந்து, பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு நடுவே மின்சாரத்தைக் கடத்துகிறது. ஜன்னல் தானாக இறங்குவது அதனால்தான்.

வெளியிலிருந்து அடிக்கும் ஸ்ப்ரே இதற்குப் போதாது. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சீட்டையும் கார்ப்பெட்டையும் வெளியே எடுங்கள். கீழே போகும் வயர்க் கட்டின் ஒவ்வொரு பிளக்கையும் பிரித்து, மின் இணைப்புகளுக்கான கிளீனரால் கழுவி, காற்றடித்துக் காயவையுங்கள். முனை பச்சையாக இருந்தால் சுரண்டித் திருப்பிப் போடாதீர்கள். அதை வெட்டிப் புது முனை வையுங்கள். வெட்டிய இடத்தில் செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். வயரின் தோலுக்குள் தண்ணீர் இழைகளுக்கு இடையே ஏறி வெகுதூரம் போயிருக்கும்.

மஞ்சள் பிளக்குகளை மட்டும் தொடாதீர்கள். அவை ஏர்பேக்குக்குப் போகின்றன. மீட்டர் முனையையோ டெஸ்ட் லேம்பையோ அதில் வைத்தால் முகத்துக்கு நேரே வெடிக்கலாம். அந்த வேலை அதற்குப் பயிற்சி பெற்றவர்களுக்கு.

ஒன்று மனதாரச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது பலகையில் பச்சை படர்ந்திருந்தால் இந்த வண்டிக்கு இன்னும் பணம் போடாதீர்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு என்2 நெடுஞ்சாலையில் 120-இல் போகும் வண்டி. ஏபிஎஸ் எப்போது வேலை செய்யும் என்பது வானிலையைப் பொறுத்து இருக்கக் கூடாது.

கேள்வி: தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் முருகன் சிலையை எங்கள் பக்கியில்தான் வைத்து எடுத்துப் போகிறோம். போன தடவை பேட்டரியிலிருந்து லைட்டுக்கு இழுத்த வயர் கை வைக்க முடியாமல் சுட்டது.
— கோயில் இளைஞர்கள், கிளேர்வுட்

பதில்: இருக்கும் லைட்டுகளின் வாட்டைக் கூட்டி 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 120 வாட் என்றால் 10 ஆம்பியர். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள். பிளஸ் வயர் எவ்வளவு தடிமனோ எர்த் வயரும் அவ்வளவு. 15 ஆம்பியர் பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்துவிட்டு நடுவில் வயர் நசுங்கினால் அந்த பியூஸால் ஒரு பயனும் இல்லை. சுற்றிலும் பூமாலை, வேட்டி, கற்பூரம். ஊர்வலம் மெதுவாகப் போகும். இன்ஜின் ஐடிலில் ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் கொடுக்கும். ஹெட்லைட்டையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள். 230 வோல்ட் அலங்கார விளக்குகள் என்றால் பக்கியை விட்டுவிட்டு ஜெனரேட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: காய்கறிக் கூண்டு பொருத்த பக்கியின் பெட்டியில் வெல்டிங் செய்தோம். அதன் பிறகு இன்ஜின் விளக்கு அணையவே இல்லை.
— வாசகர், லெனேசியா

பதில்: பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்திருப்பீர்கள். முதலில் பியூஸ்களையும், வெல்டிங் செய்த இடத்துக்குப் பின்னால் ஓடும் வயர்களையும் பாருங்கள்; பொறி பட்டு உருகியிருந்தால் அதோடு போயிற்று. இல்லையென்றால் ஸ்கேனர் வைத்துக் கோளாறுக் குறியீட்டைப் படிக்க வேண்டும். அடுத்த முறை பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த் கவ்வியை வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்டுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரியில் படிக்கும் பெண். தாத்தா ஓட்டிய நிசான் 1400 பக்கியை நானே பழுது பார்த்து ஓட்டுகிறேன். டாஷ்போர்டு மீட்டரைக் கழற்றித் துடைத்து, உள்ளே இருந்த சின்ன பல்புகளை எல்லாம் எல்இடியாக மாற்றினேன். இப்போது பேட்டரி சார்ஜ் ஆவதில்லை. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் ஆல்டர்னேட்டர். கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் சோதித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். சாவி போட்டால் சிவப்பு பேட்டரி விளக்கு எரிவதில்லை. எல்லாரும் வண்டியை விற்றுவிடச் சொல்கிறார்கள்.
— வாசகி, ஸ்டாங்கர்

பதில்: விற்காதேம்மா. 2008-இல் நிறுத்தப்பட்ட வண்டி. கையால் பிரித்துக் கையாலேயே பூட்டக்கூடிய, கம்ப்யூட்டர் இல்லாத, கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பக்கி நம் நாட்டில் கிடைக்காது. நீ என்ன செய்தாய் என்பதை முழுதாக எழுதியதால் பதில் சொல்வதும் எளிதாக இருக்கிறது.

அந்தச் சிவப்பு விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டர் முதலில் சுழலும்போது அதற்குள் காந்தம் எழுப்ப ஒரு சிறு மின்சாரம் வேண்டும். சாவி போட்டதும் அது இந்த பல்பின் இழை வழியாகத்தான் போகிறது. இன்ஜின் ஓடி, ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் கொடுக்க ஆரம்பித்ததும் பல்பின் இரு பக்கமும் ஒரே வோல்ட் ஆகிவிடும், விளக்கு அணையும். எல்இடி மிகக் கொஞ்சம் மின்சாரத்தைத்தான் விடும், அதுவும் ஒரே திசையில். திருப்பி மாட்டியிருந்தால் அதுவும் இல்லை. ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே சுழல்கிறது. கடையில் தனியாக மின்சாரம் கொடுத்துச் சோதித்ததால் அங்கே நன்றாக இருந்தது.

மற்ற இடங்களில் எல்இடி இருக்கட்டும். சார்ஜ் விளக்குக்கு மட்டும் பழைய இழை பல்பையே திரும்பப் போடு; 3 வாட் பக்கம் இருக்கும். மீட்டரின் பின்பக்கத் தகட்டில் காகிதம் போல மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும். பல்ப் உட்காரும் இடத்தில் அது கிழிந்தோ மடங்கியோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். மீட்டரை வெளியே இழுக்கும்போது ஸ்பீடோமீட்டர் கேபிளை முதலில் கழற்றிவிடு, இல்லாவிட்டால் அந்தத் தகடு கிழிந்துபோகும்.

பல்ப் போட்ட பிறகு, இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போடு. சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் இரண்டு வயர் பிளக்கைக் கழற்றி, எல் என்று குறித்த முனைக்கு வரும் வயரை ஒரு துண்டு வயரால் இன்ஜினில் தொடவை. எது எல் என்று சரியாகப் பார்த்துத் தொடு; பக்கத்து வயர் நேராக பேட்டரியிலிருந்து வருகிறது, அதைத் தொட்டால் பொறி பறக்கும். தொட்டதும் விளக்கு எரிந்தால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன. கோளாறு பிளக் முனையிலோ ஆல்டர்னேட்டருக்குள்ளோ இருக்கிறது. அப்போதும் எரியாவிட்டால் மீட்டருக்குப் பின்னாலேயே தேடு.

எரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, பேட்டரி முனைகளில் அளந்து பார். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி அள. ஒரு விஷயம்: ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றச் சொல்லும் பெரியவர்கள் உன் வீட்டிலும் இருப்பார்கள். மரியாதையாக மறுத்துவிடு, அந்த நொடியில் ஏறும் வோல்ட்டில் ரெகுலேட்டரும் உன் புது எல்இடிகளும் போய்விடும். மீட்டர் காட்டிய இரண்டு எண்களையும், லைட் போடாமல் ஒன்று, போட்டு ஒன்று, எனக்கு எழுதி அனுப்பு. 13-க்குக் கீழே இருந்தால் அடுத்த இதழில் பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.